சந்தியாகுவின் ஒரே வார்த்தை

சந்தியாகு அல்லேலூயா பாடத் தொடங்கினால் கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அது பூசையின் விதி. எப்போது முடிப்பார் என்பதற்கு விதி எதுவும் இல்லை.

கத்தோலிக்கக் கோயில்களில் நற்செய்தி வாசிப்பதற்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் பாடுகிறார்கள். பாடி முடிப்பதற்கும் சாமியார் நடந்துபோய் வாசக மேடையில் நிற்பதற்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. சந்தியாகு பாடும் ஞாயிறுகளில் சாமியார் போய்ச் சேர்ந்து, புத்தகத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். இவர் நடு எழுத்தைக் கடலுக்குள் அனுப்பிவிட்டு அது கரைக்குத் திரும்பும்வரை காத்திருப்பார். பல ஆண்டுகளாக இப்படித்தான். பங்குத்தந்தைகள் மாறினார்கள், பிஷப்புகள் மாறினார்கள், அல்லேலூயாவின் நீளம் மட்டும் மாறவில்லை.

கோயிலின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்குப் போன் வரும். பட்டினப்பாக்கத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தியாகு அங்கேயே பிறந்தவர். முதலில் கட்டுமரம், பிறகு ஃபைபர் படகு. முட்டி தேய்ந்ததும் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் கரையில் நின்று மீன் ஏலம் கூறத் தொடங்கினார். அவருடைய ஏலத்துக்கு மைக் தேவைப்பட்டதில்லை. காற்று சரியாக இருந்தால் பக்கத்துக் குப்பத்து ஆள்களும் தங்கள் வீட்டிலிருந்தபடியே வாங்கலாம் என்பார்கள். மனைவி அமலோற்பவம் அதே கரையிலிருந்து மீனை எடுத்துப்போய் மந்தைவெளியில் விற்றாள். யாரோ ஒரு கல்யாணத்தில் இவர் பாடியதைக் கேட்டு இவரைத்தான் கட்டுவேன் என்று அடம் பிடித்தவள். கட்டிய பிறகு அவள் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை, வாயை மூடு என்பது.

கோயில் பாடகர் குழுவுக்கு ரெஜிஸ் என்ற பையன் தலைவன். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை. தன் சம்பளத்தில் கீபோர்டு வாங்கிக் கோயிலில் வைத்தவன். சந்தியாகு எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறாரோ அதை அவன் கீபோர்டில் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குள் இவர் வேறு சுருதிக்குக் குடிபோயிருப்பார். சனிக்கிழமை ஒத்திகைக்கு வாங்க அங்கிள் என்று ரெஜிஸ் மரியாதையாகத்தான் கூப்பிட்டான். "இன்னாத்துக்கு நைனா ஒத்திகை? போன வாரம் பாடுன அதே வார்த்த தான?" என்று கேட்டாராம் சந்தியாகு.

இதெல்லாம் பிறர் சொல்லி நான் அறிந்தது. நான் பார்த்துக்கொள்ளப் போன சந்தியாகுவிடம் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஏலத்துக்கு நடுவே கீழே விழுந்தார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் சில நாள் பேச்சே இல்லாமல் படுத்திருந்தவர், ஒரு காலை ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துத் தெளிவாக அல்லேலூயா என்றார். வார்டே கைகூப்பியது. அவள் இன்னோர் ஊசியை எடுத்தாள், இன்னோர் அல்லேலூயா வந்தது. மதியம் கஞ்சிக்கும் அதுதான், பெட்பேனுக்கும் அதுதான். பக்திமான் என்று மூன்று வார்டுக்குப் பேர் பரவியது. டாக்டர்தான் விளக்கினார். பேச்சு அழியும்போது சிலருக்கு ஒரே ஒரு சொல் தங்கிவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வெளியே வரும். பெரும்பாலும் கெட்ட வார்த்தைதான் தங்கும், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார்.

நானும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபாலபுரத்தில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு எழுத முடியாத ஒரு சொல் தங்கியது. அவர் வீட்டில் விருந்தினரை அனுமதிக்கவே இல்லை. அந்த வகையில் சந்தியாகு வீடு எவ்வளவோ மேல்.

ஹவுசிங் போர்டில் தரைத்தளம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பகல் வேலைக்கு என்னை வைத்தார்கள். போன முதல் நாளே ஒன்று புரிந்தது. வார்த்தை ஒன்றுதான், ஆனால் ராகம் ஒன்று இல்லை. நடுவில் இழுத்தால் தண்ணீர். கடைசி எழுத்தைக் கீழே போட்டால் வேண்டாம். மெதுவாக, மூக்கால் சொன்னால் முதுகு வலி. வேகமாக, அடுத்தடுத்து இரண்டு முறை சொன்னால் யூரின் கேனை எடுக்க வேண்டும், அதுவும் உடனே. அமலோற்பவத்திடம் இதைச் சொன்னேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது, உனக்குத்தான் காது அதிகம் என்றாள். டயப்பர் கட்டிவிடலாம் என்பது அவள் யோசனை. கேட்கத் தெரிந்தவருக்கு டயப்பர் கட்டினால் கேட்கிறதையும் விட்டுவிடுவார் என்று நான் மறுத்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். இந்த ஒரு சொல்லை எவ்வளவு பயன்படுத்துகிறாரோ அவ்வளவுக்கு அடுத்த சொல் வர வழி உண்டு, முதல் சில மாதங்கள்தான் முக்கியம், வாய் சும்மா இருக்கக் கூடாது என்றாள். அவர் வாய் சும்மா இருக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் ஓர் அல்லேலூயா. டிவியில் விளம்பரம் வந்தால் இன்னொன்று. கரண்டு கணக்கெடுக்க வந்த ஆளுக்கு நீளமாக ஒன்று. அந்த ஆள் பதிலுக்கு ஆமென் என்று சொல்லிவிட்டுப் போனார், நெற்றியில் பட்டை விபூதியோடு.

மாடியில் பெந்தெகொஸ்தே சபை ஒன்று வாடகைக்கு இருந்தது. டிரம்ஸ், டாம்பரின், கைதட்டல் எல்லாம் உண்டு. கீழே எங்கள் வீட்டுச் சட்டிகள் அதற்குத் தாளம் போடும். அந்தப் பாஸ்டர் ஒருநாள் இறங்கி வந்தார். சந்தியாகு அவரைப் பார்த்து அல்லேலூயா என்றார். என் கணக்குப்படி அது வேண்டாம். பாஸ்டர் கண்கலங்கிவிட்டார்.

"ஆவியில நெறஞ்சிக்கீறாரும்மா. எங்க சபைக்கு அனுப்புங்க. பன்னெண்டு மாசமும் சொல்லலாம், எங்களாண்ட அந்த வார்த்தைக்கு லீவே கெடையாது" என்றார்.

லீவு என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. விபூதிப் புதன் வந்தபோது தெரிந்தது. அன்று அவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து ஈஸ்டர்வரை தவக்காலம். கறி மீன் குறைப்பார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள், கோயிலில் பூ வைக்க மாட்டார்கள். அல்லேலூயாவும் சொல்ல மாட்டார்கள். அது சந்தோஷத்தின் சொல், துக்க காலத்தில் அதற்கு இடமில்லை. நற்செய்திக்கு முன் வேறு ஒன்றைப் பாடுவார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சந்தியாகுவுக்கும் தெரியும். ஆனால் அவரிடம் வேறு சரக்கு இல்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு வீல்சேரில் அழைத்துப்போனோம். ரெஜிஸ் தவக்காலப் பாட்டை எடுத்தான். எல்லோரும் எழுந்தார்கள். சந்தியாகு உட்கார்ந்தபடியே, முழுக் குரலில், பழைய நீளத்தில், அந்தச் சொல்லைப் பாடினார். எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் வாய் திறந்தவர், திறந்துவிட்டார். கீபோர்டு நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்வரிசையில் இரண்டு பையன்கள் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்தார்கள். அமலோற்பவம் சேலைத் தலைப்பை எடுத்துப் புருஷன் வாயைப் பொத்தினாள்.

செவ்வாய்க்கிழமை சாமியார் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. அவரை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. அலைச்சல் வேண்டாம், பூசையில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம், ஈஸ்டர் வரைக்கும் ஓய்வெடுக்கட்டும் என்று காபியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் போனதும் அமலோற்பவம் வீட்டுக்குள்ளும் சட்டம் போட்டாள். அவர் வாயெடுத்தால் உதட்டில் விரல் வைப்பாள். மீறினால் தலைப்பு.

நான் சண்டை போட்டேன்.

"நாப்பது நாளுதான. உலகத்துல எல்லாரும் சொல்லாம இருக்கறாங்க, இவரு மட்டும் இருக்கக் கூடாதா?" என்றாள் அமலோற்பவம்.

"அவங்களுக்கெல்லாம் வேற வார்த்த இருக்குதும்மா. இவருக்கு எதனா ஒண்ணு கடன் குடு, நிறுத்தச் சொல்றேன்."

"பங்குக் கோயில்ல தலை காட்ட முடில. மீன் வாங்க வர்றவ கூட கேக்கறா, உன் வூட்டுக்காரருக்கு ஈஸ்டர் வந்துட்ச்சான்னு."

அவளுக்கு அது வெட்கம். எனக்கு அது வேலை. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டவர் இரண்டே வாரத்தில் அடங்கிப்போனார். உதட்டில் விரல் வைப்பதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் கேட்கவில்லை. முதுகு வலியைச் சொல்லவில்லை, நானே புரட்டிப் பார்த்து இடுப்பில் சிவந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். படுக்கை நனைய ஆரம்பித்தது. சாப்பாட்டை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் இருந்தார். வலது கன்னத்துக்குள் விரல் விட்டு நான் பருக்கையை வழித்தெடுப்பேன். பயிற்சிக்கு வந்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் அந்த ஒரு சொல்லும் திரும்பாது என்றாள். அமலோற்பவத்திடம் இதைச் சொன்னபோது, ஈஸ்டர் அன்று சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறார் என்றாள். அது என்ன குழாயா, அடைத்துத் திறக்க?

சாமியார் வீட்டுக்குப் போனேன். அந்த வார்த்தையை இப்போது சொன்னால் பாவமா என்று கேட்டேன். பாவமெல்லாம் இல்லை அம்மா, வழிபாட்டு ஒழுங்கு, அவ்வளவுதான், நோயாளிக்கு எந்த ஒழுங்கும் கிடையாது என்றார். அதை அமலோற்பவத்திடம் வந்து சொல்லுங்கள் என்றேன். வந்து சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும், சாமியார் சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியும் என்றாள். எதற்கும் ரோமாபுரியில் போப்பாண்டவர் சொன்னால்தான் சரி என்பவர்களுக்கு, அவருடைய ஆளே வந்து விதியைத் தளர்த்தினால் கோபம் வந்துவிடுகிறது.

எனக்கு வழி ஒன்றுதான் இருந்தது. மாடியில் டிரம்ஸ் ஆரம்பித்த ஒரு சாயங்காலம் வீல்சேரின் பிரேக்கை எடுத்தேன்.

"எங்க தள்ளிக்கினு போற?" என்றாள் அமலோற்பவம்.

"மேல. நாலு பசங்கள கூப்ட்டா தூக்கினு போய்டுவாங்க. அங்க அந்த வார்த்தைக்கு லீவு இல்லையாம்."

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தவக்காலத்தில் அல்லேலூயா சொன்ன புருஷனோடு வாழ்ந்துவிடலாம், பெந்தெகொஸ்தேக்குப் போன புருஷனோடு வாழ முடியாது என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவளுடைய தங்கை அப்படித்தான் போய், அந்தச் சபையில் நகை கூடாது என்று தோட்டையும் தாலியையும் கழற்றி வைத்தவள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

பேரம் நடந்தது. மீன்காரியிடம் பேரம் பேசி நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான். வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளலாம், தலைப்பு கிடையாது. இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும். பிறந்ததிலிருந்து தவறாத மனிதர். ஆனால் நான் பக்கத்திலேயே ஒரு துண்டோடு உட்கார வேண்டும். வாயைத் திறந்தால் துண்டு. சரி என்றேன். துண்டு எதற்கும் பயன்படும்.

ஆனால் அனுமதி கொடுத்த பிறகும் சந்தியாகு வாய் திறக்கவில்லை. தண்ணீரை எதிரில் வைத்துக் கேளுங்கள் என்றேன். மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய வெள்ளிவரை அதே கதை.

பெரிய வெள்ளி மதியம் மூன்று மணி வழிபாடு. கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள். ரெஜிஸின் கீபோர்டுக்குத் துணி போர்த்தியிருந்தது, அன்று வாத்தியம் கூடாது. அவன் போனைக் காதில் வைத்துச் சுருதி கேட்டுக்கொண்டிருந்தான். பீடத்தில் துணிகூட இல்லை. வெயில் புழுக்கத்தில் உள்ளே ஆயிரம் பேர், மூச்சுவிட இடமில்லை. வீல்சேரைப் பக்கவாட்டு வாசல் அருகே நிறுத்தினோம்.

சாமியார் சிவப்பு அங்கியில் வந்தார். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பீடத்துக்கு முன்னால் முகங்குப்புறத் தரையில் விழுந்து படுத்தார். எல்லோரும் மண்டியிட்டார்கள். ஆயிரம் பேர் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, ஃபேன் சுற்றுவது கேட்டது.

அப்போது சந்தியாகு சொன்னார். வேகமாக, அடுத்தடுத்து, இரண்டு முறை. வாரக்கணக்கில் சும்மா இருந்த குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூரின் கேனை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பிரேக்கை எடுக்கக் குனிந்தேன். ஆயிரம் தலையும் திரும்பியிருந்தன. யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஓர் ஆள், இவரையெல்லாம் ஏன் கொண்டுவருகிறார்கள் என்று நன்றாகவே கேட்கும்படி முணுமுணுத்தார். துண்டு என் தோளில்தான் இருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். மண்டியிட்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"அவருக்கு ஒண்ணுக்கு வருது. அதத்தான் சொல்றாரு. நீங்க உங்க ஜெபத்தப் பாருங்க."

மந்தைவெளியில் வஞ்சிரம் விற்கிற அதே குரல். பிறகு முணுமுணுத்தவரின் பக்கம் திரும்பி, எழுந்து கதவைத் திற என்றாள். அவர் திறந்தார். தரையில் படுத்திருந்த சாமியாரின் முதுகு குலுங்கியது. அழுதார் என்று பிறகு சில பெண்கள் உருக்கமாகச் சொன்னார்கள். அழும்போது முதுகு அப்படிக் குலுங்காது, நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாய்வுப் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பைக் நின்றது. ரெஜிஸுடையது. மண்டியிட்டிருந்தவன் ஓடிவந்து தள்ளினான். மறைக்கல்வி வகுப்புக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காரியம் முடிந்ததும் சந்தியாகு இன்னொரு முறை சொன்னார், மெதுவாக, இறக்கி. அந்த ராகம் எனக்குப் புதிது. வெளியே நின்ற அமலோற்பவம், "அப்பாடான்றாரு" என்றாள்.

எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது என்றவள் இவள்தான். இத்தனை நாளும் தலைப்பால் பொத்திக்கொண்டே ஒவ்வொன்றையும் கேட்டு வைத்திருந்திருக்கிறாள்.

ஈஸ்டர் காலை ரெஜிஸ் மைக்கை எடுத்துக்கொண்டு வீல்சேர் பக்கம் வந்தான். எல்லோரும் எழுந்து காத்திருந்தார்கள். சந்தியாகு பாடினார். சுருதி அலைந்தது, மூச்சு பாதியில் அறுந்தது, வாயின் வலது ஓரத்தில் எச்சில் ஒழுகியது. நான் துண்டால் துடைத்தேன். பழைய நீளம் வரவில்லை. சாமியார் வாசக மேடைக்குப் போகும் வழியிலேயே பாட்டு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு தொல்லை ஆரம்பித்தது. அமலோற்பவம் ஊருக்கே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். பார்க்க வந்தவர்களிடம், உங்க பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு கேக்கறாரு, உங்க சேலை நல்லாருக்குன்றாரு என்று அடித்துவிட்டாள். மனிதர் கால் மரத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் திருத்தினால், இத்தனை வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியது நானா நீயா என்பாள். சந்தியாகு மட்டும் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவளும் புதிது புதிதாக அர்த்தம் சொல்வாள்.

ஒருநாள் மதியம் நான் அவருக்கு விரல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். அமலோற்பவம் அடுப்படியிலிருந்தே, "டீ கேக்கறாரு" என்றாள்.

அவர் இன்னொரு முறை சொன்னார்.

"சக்கர தூக்கலா போடச் சொல்றாரு."

அவர் மூச்சை இழுத்தார். உதடு கோணியது. என் விரலை அவருடைய நல்ல கை நசுக்கியது.

"இல்ல" என்றார்.

மூன்றே எழுத்துச் சொல், நாக்கு தடுமாறி, கொழகொழவென்று வந்தது. ஆனால் வேறு எதுவாகவும் கேட்டிருக்க முடியாது. அமலோற்பவம் கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை, இந்தத் தடவை வசதியாக, இல்ல என்றார்.

"வந்த ஒடனே எதுத்துப் பேசறியா?" என்றாள். டீயைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் வைத்தாள், சர்க்கரை தூக்கலாக. அவர் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே குடித்து முடித்தார்.